பவுலோவின் கிடாரி

— இன்னும் ஒரு முழம் தோண்டினாலும் அந்த இடத்துல தண்ணி வராது, கொழுந்தனாரே. அடியில பாறை. இந்தப் பக்கம் வாங்க, மணல் கறுத்திருக்கு பாருங்க.

— யாரது... அண்ணி! நாத்தியாங் அண்ணி! நீங்க எப்படி இங்கே? மாட்டுப்பட்டி ரெண்டு நாள் நடையாச்சே!

— ரெண்டு நாள் நடைதான். நடந்துதான் வந்தேன், பறந்து வரல. அது இருக்கட்டும். ஒரு ஆம்பளை ஆத்து மணல்ல முழங்கால் போட்டுத் தண்ணி தோண்டுறதை என் ஆயுசுல இன்னைக்குத்தான் பாக்குறேன். வேற யாராவது பாத்திருந்தா இந்நேரம் உங்க மேல பாட்டுக் கட்டியிருப்பாங்க. நகருங்க.

— வேண்டாம் அண்ணி, நானே தோண்டுவேன். தாகம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. தோண்டுகிற வேலை மட்டும் பெண்ணுக்கென்று விதித்தது யார்? நான் கேட்கிறேன்...

— இங்கே கூட்டம் இல்ல. ரெண்டு ஆடும் ஒரு நொண்டிக் கழுதையும் நிக்குது. அதுங்களும் பிரசங்கம் கேக்க வரல, தண்ணி குடிக்க வந்திருக்கு. அந்தச் சுரைக்குடுக்கையைக் குடுங்க இப்படி.

— இந்தாங்க. கோவிச்சுக்காதீங்க. பேசி ரொம்ப நாளாச்சு, அதான் வாயைத் திறந்தா நிக்க மாட்டேங்குது.

— ஊர்ல யாருமே இல்லையா?

— மழை பொய்ச்சதும் மொத்த ஊரும் மாட்டோட வடக்கே போயிடுச்சே. கண்ணு தெரியாத கிழவர் ரெண்டு பேர் இருக்காங்க. காலையில ரெண்டு பேருக்கும் சோளக் கூழ் காய்ச்சிக் குடுக்கிறேன். அப்புறம் கோயில்ல வௌவால் இருக்கு. அப்புறம் நான்.

— ஞாயித்துக்கிழமை?

— தவறினதே இல்ல. மணி அடிக்கிறேன். வேதம் வாசிக்கிறேன். பிரசங்கம் பண்றேன்.

— யாருக்கு?

— கூரைத் தகரத்துக்கு.

— தகரம் என்ன சொல்லுது?

— வெயில் ஏறினா படபடன்னு அடிச்சுக்கும். கை தட்டுதுன்னு நினைச்சுக்குவேன்.

— பாவம் நீங்க. அந்த மணிச் சத்தம் பட்டி வரைக்கும் கேக்காதே, கொழுந்தனாரே.

— கடவுளுக்குக் கேட்கும்.

— அவருக்கு எங்கே கேக்கும்? நாங்க நாகுஜ்னு கும்பிடுற சாமி, மழை எங்கே இருக்கோ அங்கே இருப்பார். அவரும் எங்களோட வடக்கே வந்துட்டார்னு உங்க அண்ணன் சொல்றார். நீங்க மட்டும்தான் அவரோட வீட்டைக் காவல் காத்துக்கிட்டு இங்கே உக்காந்திருக்கீங்க. இந்தாங்க, தண்ணி ஊறிடுச்சு. முதல்ல குடிங்க. மோரும் கொண்டாந்திருக்கேன், புளிச்சிருக்கும்.

— புளிச்சாலும் பால் பால்தான். மாட்டு வாசனை பாத்து மூணு மாசமாச்சு... அண்ணி, அண்ணன் எப்படி இருக்கார்? தூங்குறாரா?

— தூங்கினா நல்லா இருப்பார். மூத்தவ நாகுவாம் அக்கா சொன்னா, விடியக்காலம் எழுந்து தோள்பட்டையைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். அந்தத் தழும்பு வரிசை இருக்கே, அதை. எண்ணி எண்ணிப் பாக்கிறாராம்.

— அண்ணன் ஈட்டிக்கு இரையானவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கீறல். அன்றைக்குப் பெருமையாகக் கீறிக்கொண்டது. இன்றைக்கு ஒவ்வொன்றும் வாய் திறந்து பேசுகிறது. அதனால்தான் அண்ணி, அவருக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அடுத்த ஞாயிறு கபோயெட்டா நகரத்திலிருந்து சாமியார் வருகிறார். அண்ணனுக்கு ஞானஸ்நானம். ஏழு வருடத்தில் எங்கள் குலத்திலிருந்து முதல் ஆண்மகன்!

— தெரியும். அதுக்குத்தான் வந்தேன்.

— பாக்கவா? இவ்வளவு தூரம் நடந்து? அண்ணி, நீங்க...

— பாக்க வரல. நாளன்னைக்குப் பெரியவங்க வட்டம் கூடுது, பஞ்சாயத்துக்கு. உங்க அண்ணன் லோபெயோக் என்னை எங்க அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் போறார். ஏன் தலையைக் குனியிறீங்க? நீங்க சொன்னதுதானே. ரெண்டு பொண்டாட்டி இருந்தா தண்ணி கிடையாது, முதல்ல வந்தவளை வச்சுக்கோ, அடுத்து வந்தவளை அனுப்பிடுன்னு.

— நான் சொன்னது அல்ல, சபைச் சட்டம்.

— சட்டம் எழுதினவர் என் வாசல் பக்கம் வரல. நீங்கதான் வந்தீங்க. மரத்தடியில உக்காந்து உங்க அண்ணன் காதுல சொன்னீங்க. நான் வேலிக்கு அந்தப் பக்கம் சோளம் இடிச்சுக்கிட்டு இருந்தேன்.

— கேளுங்க அண்ணி. கோபம் வேண்டாம், கேளுங்க. மாட்டை மந்தையாகச் சேர்ப்பதுபோல மனைவியையும் மந்தையாகச் சேர்க்கிற வழக்கம் ஒழிய வேண்டும் என்று இந்த மரத்தடியில் தொண்டை கிழியக் கத்தினேன். எதற்காக? பெண் பட்டியில் அடைக்கிற பிராணி அல்ல என்பதற்காக! அவளுக்கு விலையாக முப்பது மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறீர்களே, அந்த முப்பதில் எந்த மாடாவது உங்களோடு பேசுமா, அழுமா, சாகும்போது உங்கள் தலையைத் தாங்குமா என்று கேட்டேன். ஆண்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் விட்டேனா? விடவில்லை!

— நல்லாத்தான் பேசுறீங்க. முகாம்ல நாடகத்துல நடிச்சீங்களாமே, உங்க அண்ணன் சொல்லியிருக்கார்.

— எல்லை தாண்டிப் போய் அகதி முகாமில் இருந்தபோது. அங்கேதான் எழுத்துக் கற்றேன். சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுப்பார்கள், எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தேன்.

— அது இருக்கட்டும். எனக்கு ஒரு பதில் வேணும். அதை வாங்கிட்டுப் போயிடறேன்.

— என்ன பதில்?

— பொண்ணைத் திருப்பி அனுப்பணும்னா என்ன செய்யணும்?

— அது... மாடு குடுத்தவங்க எல்லாரும் வட்டத்துல நின்னு ‘என் மாட்டைத் திருப்பிக் குடு’ன்னு கேக்கணும்.

— எல்லாரும்.

— எல்லாரும். ஒருத்தர் கேக்கலைன்னாலும் அவள் மனைவிதான். அந்த ஒரு மாட்டுக்காக அவள் அந்த வீட்டிலேயே இருக்கணும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே, எதுக்குக் கேக்குறீங்க?

— மாமா கேக்குறேன்னுட்டார். சித்தப்பாமார் ரெண்டு பேரும் கேக்குறேன்னுட்டாங்க. உங்க அண்ணனோட வயசுத் தோழங்க அஞ்சு பேரும் சரின்னுட்டாங்க. அவரோட தாய்மாமன் மூணு நாள் பிகு பண்ணிட்டு நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒத்துக்கிட்டார். பாக்கி ஒருத்தர்தான்.

— யார் அது?

— நிஜமா மறந்துட்டீங்களா?

— அண்ணி, சத்தியமா...

— நெத்தியில வெள்ளை, உடம்பெல்லாம் சாம்பல். இடது காது கிழிஞ்சிருக்கும். எங்க அப்பா வீட்டு முள்வேலிக்குள்ள கடைசியா வந்த கிடாரி. அதை ஓட்டிக்கிட்டு வந்த ஆள் அன்னைக்கே எல்லை தாண்டி முகாமுக்குப் போறான்னு சொன்னாங்க. அண்ணன் கல்யாணத்துக்கு, தன்கிட்ட இருந்த ஒரே கிடாரியைக் குடுத்துட்டுப் போறான்னு. எங்க அம்மா அந்தக் கிடாரியைத் தடவிக் குடுத்துட்டு, இவ்வளவு பெரிய மனசுக்காரன் வீட்டுக்கு நீ போறேன்னு என்கிட்ட சொன்னாங்க.

— கடவுளே!

— நீங்க கேக்கணும், இல்ல கேக்கமாட்டேன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு. கேப்பீங்களா?

— என் கையாலேயா? உங்களுக்கு வைத்த முப்பது மாட்டில் என் கிடாரியும் ஒன்றா? விலை கொடுத்துப் பெண் எடுப்பதைப் பழித்து ஏழு வருடம் முழங்கினேனே, விலை கொடுத்தவர்கள் வரிசையில் நானும் நின்றிருக்கிறேனா!

— நின்னீங்க. அது இருக்கட்டும். கேப்பீங்களா, மாட்டீங்களா?

— பொறுங்க அண்ணி. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

— உக்காருங்க. நிழல் இங்கே இருக்கு. அந்தக் கிடாரி இப்போ நாலு ஈத்து போட்டுடுச்சு தெரியுமா? எங்க அப்பா அதை ராசியான மாடுன்னு கொண்டாடுறார். சுத்துப்பட்டு மாட்டையெல்லாம் கொள்ளையடிச்சிட்டுப் போனப்பக்கூட அது மட்டும் புதர்ல நின்னு தப்பிச்சிடுச்சு. திருப்பிக் கேட்டா தாயும் கன்னுங்களும் சேந்து வரும். மாடு இல்லாத ஆளா நீங்க நிக்க வேண்டாம்.

— குத்திக் காட்டுறீங்களா?

— இல்லை. உள்ளதைச் சொல்றேன். வட்டத்துல நீங்க வாயைத் திறந்தா எப்படிச் சிரிக்கிறாங்கன்னு நான் பாத்திருக்கேன். ‘சாணி மிதிக்காத காலு, அது பேசுது கேளுங்கடா’ன்னு. மாடு இருந்தா கேப்பாங்க. நீங்க பேசுறதுல பாதியாவது கேப்பாங்க.

— மாட்டின் முதுகில் ஏறி வருகிற வேதம் எனக்கு வேண்டாம் அண்ணி.

— பெரிய பேச்சு. ராத்திரி தனியா உக்காந்து கூழ் குடிக்கிறது நீங்கதானே.

— ஆமாம்.

— ருசி இருக்கா?

— உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. இல்ல. சில நாள் கிழவர்கள்கிட்டப் போய் உக்காருவேன். ஒருத்தர் தன்னோட செத்துப்போன காளையைப் பத்திப் பாடுவார். அந்தக் கொம்பு, அந்தத் திமில், அது தண்ணிக்குப் போற நடை. நான் வேதம் சொல்லலாம்னு போவேன், பாட்டைக் கேட்டுட்டு வந்துடுவேன். சாமியார் போன தடவையே சொல்லிட்டார். இந்த வருஷமும் ஒருத்தர்கூட வரலைன்னா கோயிலைப் பூட்டிடலாம், நீ நாருஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுன்னு. இங்கே யாருமே இல்லாத இடத்துல தகரம் போட்டது தப்புன்னு அவருக்கும் தெரியும். மழைக்காலத்துல வந்து பாத்திருக்காங்க, ஊர் நிறைய ஜனம், இங்கேயே கட்டலாம்னு கட்டிட்டாங்க. வெயில் காலத்துல ஜனம் எங்கே போகும்னு யாரும் கேக்கல.

— எங்ககிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

— கேக்கலையே.

— ஆமாம். கேக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல.

— அண்ணி, நீங்க இங்கே வந்தது அண்ணனுக்குத் தெரியுமா?

— நான் இல்லைங்கிறதே தெரிஞ்சிருக்காது. நாகுவாம் அக்கா வேணா மூணாம் நாள், ‘சோளம் இடிக்கிற சத்தம் குறையுதே’ன்னு பாப்பா.

— அப்படிச் சொல்லாதீங்க.

— பின்ன எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தெரியாது. பட்டியில ஒவ்வொரு பொண்டாட்டிக்கும் ஒரு வாசல். அக்கா வாசல்ல புழுதி அடங்காது. அஞ்சு பிள்ளைங்க, அதுங்களோட ஆட்டுக்குட்டி, புருஷன். என் வாசல்ல காலைல பெருக்கினா சாயங்காலம் வரைக்கும் துடைப்பம் போட்ட கோடு அப்படியே இருக்கும். என் காலடி மட்டும்தான். போகையில ஒண்ணு, வருகையில ஒண்ணு.

— உங்க குழந்தை செத்துப் போனதிலிருந்தா?

— அவ ஒரு மழையைத்தான் பாத்தா. அடுத்த மழையைப் பாக்கல. அதுக்கப்புறம் அவர் என் வாசலைத் தாண்டி வரல. திட்டலை, அடிக்கலை. நல்ல மனுஷன்தான். வரல, அவ்வளவுதான். மூணு வருஷமா ராத்திரி நெருப்பை யாருக்காக மூட்டுறேன்னு எனக்கே தெரியல. நீங்க தகரத்துக்குப் பிரசங்கம் பண்றீங்க; நான் அடுப்புக்குப் பால் காய்ச்சுறேன்.

— அந்த நிலையிலும் அங்கேயே கிடந்தீர்களே! ஒரு வார்த்தை முணுமுணுத்தது உண்டா?

— முணுமுணுத்தா என்ன ஆகும்? நாசெருவைத் தெரியும்தானே?

— ஆற்றுக்கு அக்கரை நாசெருவா? புருஷனை விட்டுப் போனாளே?

— ‘எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கல, நான் போறேன்’னு தன் வாயால வட்டத்துல சொன்னா. பொம்பளை தானா வாய் திறந்து சொன்னா அவ அப்பன் வாங்கின மாட்டுக்கு ரெண்டு மடங்கு குடுக்கணும். அப்பன்கிட்ட எங்கே இருந்தது? தம்பிக்குப் பொண்ணு கேக்க வச்சிருந்த மாடும் போச்சு. தம்பி அவளைக் கட்டி வச்சு அடிச்சான். இப்போ அவ எங்கே இருக்கான்னு யாருக்கும் தெரியல. ஆம்பளைங்க அனுப்பினா அது வேற. அனுப்பினாங்க, வந்தேன். அப்பன் வாங்கினதை அப்படியே திருப்பிக் குடுத்தாப் போதும். யாரும் அடிக்க மாட்டாங்க.

— அநியாயம்! பார்த்தீர்களா, இதைத்தான் சொல்கிறேன். போ என்று சொல்கிற உரிமை ஆணுக்கு. போகிறேன் என்று சொல்கிற உரிமை பெண்ணுக்கு இல்லை. அனுப்புகிறவன் ஆண், வாங்குகிறவன் ஆண், நடுவில் நின்று கணக்குச் சொல்கிறவனும் ஆண். நான் கேட்கிறேன், அண்ணி, அந்த வட்டத்தில் ஒரு பெண்ணின் குரல் எப்போதாவது கேட்டதுண்டா?

— இல்லை, கொழுந்தனாரே. உங்க மரத்தடியிலும் கேட்டதில்ல. ஆம்பளை வந்தா வீடே வரும்னு சொல்வீங்க. ஏழு வருஷமா ஆம்பளைங்க பின்னாடியேதான் போனீங்க.

— அது... சாமியாரும் அப்படித்தான் சொன்னார். குடும்பத் தலைவனை முதலில் பிடி என்று. நானும் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணி, நீங்க என்னை நிர்மூலமாக்கிட்டீங்க.

— நான் ஒண்ணும் ஆக்கல. கேப்பீங்களா மாட்டீங்களான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீங்க ஆத்தைச் சுத்தி ஓடுறீங்க.

— அடேயப்பா! உபதேசியாருக்கு விருந்தாளியா! ஆத்துல தண்ணி இருக்கா, இல்ல பேச்சு மட்டும்தானா?

— யாரு, லொக்குடாவா? வாப்பா. தண்ணி இருக்கு. அண்ணி தோண்டினாங்க.

— அதானே பாத்தேன். நீங்க தோண்டியிருந்தா மணல்ல வேதம்தான் ஊறியிருக்கும். அடேயப்பா, இது லோபெயோக்கோட சின்னவ இல்ல? இங்கே என்ன பண்றே தங்கச்சி?

— தண்ணிக்கு வந்தேன் அண்ணே.

— ரெண்டு நாள் நடந்து தண்ணிக்கா! சரி சரி, எனக்கு எதுக்கு. என் ஆடுங்க குடிச்சதும் நான் வடக்கே போறேன். நாளன்னைக்கு வட்டத்துல எனக்கும் இடம் இருக்கு. உபதேசியாரே, உங்களைத்தான் எல்லாரும் எதிர்பாக்குறாங்க. கிடாரிக்காரர் என்ன சொல்வார், கிடாரிக்காரர் என்ன சொல்வார்னு. வாழ்நாள்ல முதல் தடவையா உங்க வார்த்தைக்கு மதிப்பு வந்திருக்கு, சட்டுனு வாங்க!

— நான் வர முடியாது லொக்குடா. சாமியார் வர்ற வரைக்கும் கோயிலை விட்டு நகரக் கூடாது. கிழவர்களுக்கும் கூழ் குடுக்கணும்.

— அப்போ வார்த்தையை என்கிட்டக் குடுத்து விடுங்க. ஈட்டி இருக்கு, தொட்டுச் சொல்லுங்க, கொண்டுபோய் வட்டத்துல வைக்கிறேன். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. ஈட்டியைத் தொட்டு அனுப்பினா அனுப்பினதுதான். அப்புறம் மனசு மாறிடுச்சுன்னு பின்னாடி ஓடி வந்தா, பெரியவங்க சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க. அந்த மாட்டைப் பத்தி அதுக்குமேல உங்களுக்கு வாயே கிடையாது, சாகிற வரைக்கும்.

— தெரியும். ஆடுகளைக் குடிக்க விடு. ஒரு நிமிஷம் குடு எனக்கு.

— ஒரு நிமிஷம் என்ன, ஒன்பது ஆடு குடிக்கிற வரைக்கும் எடுத்துக்குங்க. நான் அந்தக் கரைக்குப் போறேன்.

— அண்ணி.

— சொல்லுங்க.

— கேட்டால் அண்ணன் தலையில் தண்ணீர் விழும். அவர் தூங்குவார். கோயில் திறந்திருக்கும். என் கிடாரி கன்றுகளோடு வரும். ஊர் என் பேச்சைக் கேட்கும். எல்லாம் கிடைக்கும். கேட்கவில்லை என்றால் எல்லாம் போகும். அண்ணன் என் முகத்தில் விழிக்க மாட்டார். கோயிலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவார்கள். ஏழு வருடம் மணலில் ஊற்றிய தண்ணீராகும்.

— ஆமாம். எனக்கும் தெரியும்.

— ஆனால் அந்தத் தண்ணீரை எதன்மேல் ஊற்றப் போகிறோம்? ஒருத்தியின் வாசலை இடித்த மண்மேல்! ஒரு குழந்தையைப் புதைத்தவளை, மூன்று வருடம் தனியாக அடுப்பு மூட்டியவளை, வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு அதற்குப் பரிசுத்தம் என்று பெயர் வைப்பதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன் அண்ணி, அது ஞானஸ்நானம் அல்ல, கை கழுவுதல்!

— கொழுந்தனாரே, கொஞ்சம் பொறுங்க. நான் சொல்ல வந்தது...

— நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். ரெண்டு நாள் நடந்து வந்து என் முன்னாடி நீங்க கெஞ்சினதே எனக்கு வெக்கம். இனிமே நீங்க யார்கிட்டயும் கெஞ்சக் கூடாது.

— நான் கெஞ்சலை. நான் என்ன கேக்குறேன்னா...

— பேசாதீங்க அண்ணி! இது நான் செய்யவேண்டியது. ஏழு வருஷம் செய்யாததை இன்னைக்குச் செய்யிறேன். லொக்குடா! ஏய் லொக்குடா! ஈட்டியைக் கொண்டா!

— இதோ வந்தேன்! அடேயப்பா, உபதேசியார் முகத்துல இப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததில்ல. தொடுங்க.

— அவசரப்படாதீங்க, கொழுந்தனாரே! லொக்குடா அண்ணே, ஈட்டியைத் தள்ளி வைங்க! ஒரே ஒரு வார்த்தை...

— தங்கச்சி, ஆம்பளை கை வச்சாச்சு, இப்போ குறுக்கே பேசக் கூடாது. சொல்லுங்க உபதேசியாரே.

— வட்டத்தில் போய்ச் சொல். பவுலோ தன் கிடாரியைத் திருப்பிக் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை, என்றும் கேட்கமாட்டான். நாத்தியாங் லோபெயோக்கின் மனைவி. அவர் இருக்கிற வரைக்கும் மனைவி. யாரும் அவளை அந்த வாசலிலிருந்து கிளப்ப முடியாது. அண்ணனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று சாமியாரிடம் நானே சொல்கிறேன். என்ன தண்டனை வந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

— ‘கேக்கல, கேக்கமாட்டான்.’ சரி, என் ஈட்டியில ஏறிடுச்சு. மாடு இல்லாத மனுஷன், வந்த மாட்டையும் வேண்டாங்கிறார். உங்களைப் பத்தி நிச்சயமா பாட்டுக் கட்டுவாங்க உபதேசியாரே, இந்தத் தடவை நல்ல பாட்டா. ஹேய், ஹேய், நடங்கடா! தங்கச்சி, நீயும் பின்னாடியே வந்துடு, வெயில் ஏறுது!

— லொக்குடா அண்ணே! நில்லுங்க! அண்ணே!

— விடுங்க அண்ணி, அவன் போகட்டும். காதுல விழாது, காத்து அந்தப் பக்கம் அடிக்குது. இனி யாரும் உங்களை அசைக்க முடியாது. ஏழு வருஷத்துல நான் பண்ணின ஒரே உருப்படியான பிரசங்கம் இது, அதுவும் நாலு வரி... என்ன அண்ணி? ஏன் மணல்ல உக்காந்துட்டீங்க? அழறீங்களா? அழுங்க, நல்லா அழுங்க. சந்தோஷத்துலயும் அழுகை வரும்.

— கொழுந்தனாரே.

— சொல்லுங்க அண்ணி. இப்போ சொல்லுங்க. நான் கேக்கிறேன்.

— உங்க கிடாரியைத் திருப்பிக் கேளுங்க, என்னைப் போக விடுங்கன்னு சொல்லத்தான் நான் ரெண்டு நாள் நடந்து வந்தேன்.